சண்டை போட்டுப் பிடித்த லைப்சிக் நகரை அமெரிக்கா ஏன் விட்டுக்கொடுத்தது?

கேள்வி கேட்டவர் சொல்வது இது: 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தைச் சண்டை போட்டுப் பிடித்தது. ஜூலையில் அந்த நகரத்தையும் சுற்றியிருந்த பெரும் பகுதியையும் சோவியத் படையிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்வாங்கியது. யால்டாவில் ரூஸ்வெல்ட்டை ஸ்டாலின் ஏமாற்றிவிட்டாரா? விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால் கிழக்கு ஜெர்மனி என்ற நாடே உருவாகியிருக்காது அல்லவா? கேட்பதற்கு இரண்டு மூன்று கேள்விகள் போல இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். கூட்டாகப் போர் நடத்தியவர்கள் பிடித்த நிலத்தைப் பங்கு போடும்போது, யாருடைய சிப்பாய் எங்கே நிற்கிறான் என்பது முடிவு செய்கிறதா, முன்கூட்டியே எழுதி வைத்தது முடிவு செய்கிறதா? கல்லூரியில் நவீன ஐரோப்பிய வரலாறு நடத்துகிறேன். ஏறக்குறைய எல்லா ஆண்டும் யாராவது ஒரு மாணவர் இதைக் கேட்பார். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எனக்கு ரஷ்ய மொழி தெரியாது. மாஸ்கோ தரப்பு ஆவணங்களை மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். லண்டனிலும் வாஷிங்டனிலும் நடந்ததை உறுதியாகச் சொல்வேன். ஸ்டாலின் மனதில் என்ன ஓடியது என்பது பற்றி நான் சொல்வதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் யால்டாவை, அதாவது ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் மூவரும் 1945 பிப்ரவரியில் கூடிய மாநாட்டை, ஓரமாக வைத்துவிடுவோம். ஜெர்மனியைப் பிரித்த கோடு அங்கே போடப்பட்டதல்ல. 1943 அக்டோபரில் அமெரிக்க, பிரிட்டிஷ், சோவியத் வெளியுறவு அமைச்சர்கள் மாஸ்கோவில் கூடியபோது, ஐரோப்பிய ஆலோசனை ஆணையம் என்ற ஓர் அமைப்பை உருவாக்க முடிவு செய்தார்கள். அது 1944 ஜனவரியில் லண்டனில் உள்ள லங்காஸ்டர் மாளிகையில் வேலையைத் தொடங்கியது. பிரிட்டன் சார்பில் வில்லியம் ஸ்ட்ராங், அமெரிக்கா சார்பில் லண்டன் தூதர் ஜான் வைனன்ட், சோவியத் சார்பில் தூதர் ஃபியோதர் கூசெவ் என்று மூன்றே பேர். ஜனவரி 15 அன்று ஸ்ட்ராங் ஒரு வரைபடத்தை மேசையில் வைத்தார். கிளமென்ட் அட்லி தலைமையிலான பிரிட்டிஷ் அமைச்சரவைக் குழு தயாரித்தது அது. ஜெர்மனியை வடமேற்கு, தெற்கு, கிழக்கு என்று மூன்று மண்டலங்களாக்குவது. பெர்லினை மட்டும் தனியே எடுத்து மூவரும் சேர்ந்து நிர்வகிப்பது. கிழக்கு மண்டலம் சோவியத்துக்கு. 1937 எல்லைப்படி ஜெர்மனியின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 40 சதவீதம், மக்கள்தொகையில் 36 சதவீதம், உற்பத்தி வளத்தில் 33 சதவீதம் அந்தப் பங்கில் வந்தது. லைப்சிக் அதற்குள்தான் இருந்தது. பிப்ரவரி 18 அன்று கூசெவ் அந்த மேற்கு எல்லையை அப்படியே ஏற்றுக்கொண்டார். பிற்பாடு இரண்டு ஜெர்மனிகளுக்கும் நடுவே முள்கம்பியும் கண்ணிவெடியுமாக நின்ற எல்லை, சின்னச் சின்ன மாற்றங்கள் தவிர, ஸ்ட்ராங் வைத்த அந்தக் கோடுதான். அதைப் போட்டவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். ஸ்டாலின் கேட்டு வாங்கியதல்ல.

இது பலருக்கு வியப்பாக இருக்கும். அந்தத் தேதியில் படைகள் எங்கே நின்றன என்று பார்த்தால் வியப்பு போய்விடும். லெனின்கிராட் முற்றுகை நீங்கியது 1944 ஜனவரி 27 அன்று. சோவியத்தின் செம்படை உக்ரைனுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. நார்மண்டியில் அமெரிக்க, பிரிட்டிஷ் படைகள் இறங்க இன்னும் 4 மாதம் இருந்தது. அந்த இறக்கம் வெற்றி பெறுமா என்பதே யாருக்கும் தெரியாது. லண்டன் அதிகாரிகளின் பயம், நாம் பிரான்ஸ் கரையிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும்போது செம்படை ரைன் நதிவரை வந்துவிட்டால் என்ன செய்வது என்பது. இன்னொரு பயமும் இருந்தது: சோவியத் தன் பழைய எல்லையை மீட்டதும் அங்கேயே நின்றுவிட்டால், மிச்ச ஜெர்மனியை நாம் தனியாக எதிர்கொள்ள வேண்டிவரும். அந்த நிலையில் 60 சதவீதத்தை எழுத்தில் உறுதி செய்துகொள்வது லண்டனுக்கு நல்ல பேரம். மாஸ்கோ ஏன் அவ்வளவு சீக்கிரம் சரி என்றது என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. மேற்கு நாடுகள் ஜெர்மனியோடு தனியாக சமாதானம் செய்துகொள்ளும் என்ற சந்தேகம் ஸ்டாலினுக்குக் கடைசிவரை இருந்தது, ஆகவே எழுத்தில் கிடைத்ததை வாங்கிக்கொண்டார் என்பது ஒரு விளக்கம். அவர் எதிர்பார்த்ததைவிடப் பங்கு பெரிதாக இருந்தது என்பது இன்னொன்று. எனக்கு முதல் விளக்கம்தான் பொருத்தமாகப் படுகிறது, ஆனால் அதை நிரூபிக்க என்னால் முடியாது. இரு தரப்புமே கையில் எதுவும் இல்லாத நேரத்தில், பிற்பாடு குறைவாகக் கிடைத்துவிடுமோ என்ற கவலையில் ஒப்புக்கொண்டார்கள் என்பது மட்டும் தெளிவு.

சோவியத்தோடு எல்லை சில வாரங்களில் முடிந்துவிட்டது. பல மாதம் இழுத்தது அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் நடுவே நடந்த தகராறு. இந்தப் பகுதியைத்தான் பாடப் புத்தகங்கள் விட்டுவிடுகின்றன. 1943 நவம்பரில் கெய்ரோ, டெஹ்ரான் மாநாடுகளுக்காக அயோவா என்ற போர்க்கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, ரூஸ்வெல்ட் நேஷனல் ஜியாக்ரபிக் வரைபடம் ஒன்றை எடுத்து அதில் பென்சிலால் கோடு போட்டார். அவர் கேட்டது வடமேற்கு ஜெர்மனி. அதோடு, அமெரிக்க மண்டலத்தின் கிழக்கு விளிம்பு பெர்லினைத் தொட வேண்டும். கப்பலில் இருந்த தளபதிகள் அதைக் கொண்டுபோய் வாஷிங்டனில் வைத்தார்கள். பல வாரங்கள் கழித்து, எந்த விளக்கமும் இல்லாமல், இதுதான் அமெரிக்க நிலைப்பாடு என்று லண்டனில் இருந்த வைனன்டுக்கு அது அனுப்பப்பட்டது. அந்தக் கோடு மாவட்ட எல்லைகளையெல்லாம் கண்டபடி வெட்டிக்கொண்டு போனது. சோவியத் ஏற்கெனவே வேறொரு எல்லைக்குச் சம்மதித்திருந்த நேரம் அது. இதைப் போய்ச் சொன்னால் பேச்சுவார்த்தையே கெட்டுவிடும் என்று வைனன்டின் ஆலோசகர் ஜார்ஜ் கென்னன் நேரே வாஷிங்டனுக்குப் பறந்துபோய் ரூஸ்வெல்ட்டைப் பார்த்தார். அந்தக் கோடு தான் எப்போதோ ஒரு கடித உறையின் பின்புறத்தில் போட்டது என்று ரூஸ்வெல்ட் சிரித்துக்கொண்டே சொன்னதாகக் கென்னன் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1944 மே தொடக்கத்தில் கிழக்கு எல்லைக்கு அமெரிக்காவும் சம்மதித்தது.

ஆனால் வடமேற்கை மட்டும் ரூஸ்வெல்ட் விடவில்லை. அவருடைய காரணம் பிரான்ஸ். தெற்கு ஜெர்மனி அமெரிக்காவுக்கு வந்தால் அங்குள்ள படைக்கு உணவு, தளவாடம் எல்லாம் பிரான்ஸ் வழியாகப் போக வேண்டும். போருக்குப் பிறகு பிரான்ஸில் கலவரமோ உள்நாட்டுச் சண்டையோ வந்தால் அதைச் சமாளிக்கும் பொறுப்பும் அமெரிக்கா தலையில் விழும் என்று பயந்தார். ஹாம்பர்க், பிரேமன் துறைமுகங்கள் உள்ள வடக்கு இருந்தால் கடல் வழியே நேரே போய்வரலாம். பிரிட்டனுக்கோ வடமேற்குதான் உயிர். ஜெர்மன் கடற்படைத் தளங்களும் ரூர் தொழிற்சாலைகளும் அங்கேதான் இருந்தன. நெதர்லாந்தும் டென்மார்க்கும் பக்கத்து நாடுகள். கடைசியில் இதற்குத் தீர்வு சொன்னது இராஜதந்திரம் அல்ல, முகாம்கள் இருந்த இடம். நார்மண்டி இறக்கத்துக்காக அமெரிக்கச் சிப்பாய்கள் இங்கிலாந்தின் தென்மேற்கில் தங்க வைக்கப்பட்டிருந்தார்கள். பிரிட்டிஷ் படை தென்கிழக்கில். கால்வாயைத் தாண்டினால் அமெரிக்கர் வலப்பக்கம், பிரிட்டிஷார் இடப்பக்கம். அப்படியே கிழக்கு நோக்கி நடந்தால் பிரிட்டிஷ் படை வடக்கு ஜெர்மனியிலும் அமெரிக்கப் படை தெற்கிலும் போய் நிற்கும். இடத்தை மாற்றிக்கொள்வது என்றால் லட்சக்கணக்கான ஆட்களையும் வண்டிகளையும் குறுக்கே நகர்த்த வேண்டும். 1944 செப்டம்பர் 12 அன்று மண்டல ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்தபோதுகூட, வடமேற்கு யாருக்கு, தெற்கு யாருக்கு என்ற இடங்கள் நிரப்பப்படாமல் காலியாகவே இருந்தன. அதே வாரம் கியூபெக்கில் சர்ச்சிலைச் சந்தித்த ரூஸ்வெல்ட் தெற்கை ஏற்றுக்கொண்டார். பிரேமனும் பிரேமர்ஹாஃபென் துறைமுகமும் பிரிட்டிஷ் மண்டலத்துக்கு நடுவே அமெரிக்காவுக்குத் தனித் துண்டாகக் கிடைத்தன. நவம்பர் 14 அன்று திருத்திய ஒப்பந்தத்தில்தான் காலி இடங்கள் நிரம்பின. 1945 பிப்ரவரியில் யால்டா கூடியபோது இந்தக் காகிதத்துக்கு இறுதி ஒப்புதல் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அங்கே புதிதாக முடிவானது ஒன்று: பிரான்ஸுக்கும் ஒரு மண்டலம்.

அந்தப் பிரெஞ்சு விவகாரத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். யார் எங்கே நிற்கிறார் என்பதா, எழுதி வைத்ததா என்ற கேள்விக்கு அதில் நேரடியான பதில் இருக்கிறது. யால்டாவுக்குப் பிரெஞ்சு அரசின் தலைவர் டி கால் அழைக்கப்படவில்லை. பிரான்ஸுக்கு மண்டலம் கொடுக்க ஸ்டாலினுக்கு விருப்பமில்லை. வேண்டுமானால் உங்கள் பங்கிலிருந்து கொடுங்கள் என்று சம்மதித்தார். எந்த ஊர்கள் என்பது எழுதப்படவில்லை. இந்த நிலையில் 1945 ஏப்ரல் 21, 22 தேதிகளில் ஜெனரல் டி லாத்ர் தலைமையிலான பிரெஞ்சு முதல் படை ஸ்டுட்கார்ட் நகருக்குள் நுழைந்தது. அந்த நகரம் அமெரிக்கப் படையின் செயல் எல்லைக்குள் வருவது, சாலைகள் எங்களுக்குத் தேவை, வெளியேறுங்கள் என்று அமெரிக்க ஜெனரல் டெவர்ஸ் உத்தரவிட்டார். டி லாத்ர் போர்க்களத்தில் டெவர்ஸுக்குக் கீழே இருப்பவர். ஆனாலும் பாரிஸிலிருந்து டி கால் வேறு உத்தரவு போட்டார்: பிரெஞ்சு மண்டலத்தின் எல்லை முடிவாகும்வரை ஸ்டுட்கார்ட்டை விட்டு நகரக் கூடாது. மேற்கு நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர் கண்டனக் கடிதம் எழுதினார். ரூஸ்வெல்ட் இறந்ததும் அதிபரான ட்ரூமனும் எழுதினார். டி கால் அசையவில்லை. அவர் ஊரைப் பிடித்ததே எழுத்து வாங்குவதற்காகத்தான்.

அதே வேளையில் இத்தாலியின் வடமேற்கு மூலையில் ஆவோஸ்தா பள்ளத்தாக்கு உள்ளிட்ட எல்லைப் பகுதிகளுக்குள்ளும் பிரெஞ்சுத் துருப்புகள் புகுந்திருந்தன. அங்கே தளபதி டுவாயென், வெளியேறச் சொன்ன அமெரிக்கர்களிடம், தேவைப்பட்டால் எதிர்த்து நிற்போம் என்ற பொருள்பட ஜூன் தொடக்கத்தில் கடிதம் கொடுத்தார். நேச நாட்டுப் படை ஒன்று இன்னொரு நேச நாட்டுப் படையை இப்படி எழுத்தில் மிரட்டியது. ட்ரூமன் உடனே பிரெஞ்சுப் படைக்குப் போகும் தளவாடங்களை நிறுத்தினார். அந்தப் படையின் துப்பாக்கி முதல் டிராக்டர்வரை பெரும்பாலும் அமெரிக்கா கொடுத்தவை. சில வாரங்களில் அவர்கள் மலையைத் தாண்டித் திரும்பிப் போனார்கள். ஜூலையில் ஸ்டுட்கார்ட்டும் அமெரிக்கர் கைக்கு வந்தது. ஜூலை 26 அன்று பிரெஞ்சு மண்டலம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டபோது, கார்ல்ஸ்ரூஹே, ஸ்டுட்கார்ட், உல்ம் வழியாக மியூனிக் போகும் நெடுஞ்சாலையை அமெரிக்கா தன் பக்கம் வைத்துக்கொண்டது. அதற்காக பாடன், வுர்டம்பெர்க் என்ற இரண்டு பழைய மாநிலங்களும் வடக்கு தெற்காகப் பாதியாக வெட்டப்பட்டன. வடபாதிகள் அமெரிக்கருக்கு, தென்பாதிகள் பிரெஞ்சுக்காரருக்கு. பிரெஞ்சு மண்டலத்தை வரைபடத்தில் பார்த்தால் இரண்டு முக்கோணங்கள் நுனியில் ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தெரியும். ஒரு சாலையின் தேவை மாநில எல்லைகளை மாற்றியது. 1952-இல் அந்தத் துண்டுகளைச் சேர்த்துத்தான் இன்றைய பாடன்-வுர்டம்பெர்க் மாநிலம் உருவானது.

சரி, இப்போது லைப்சிக். 1945 ஏப்ரல் 11, 12 தேதிகளில் அமெரிக்க ஒன்பதாம் படை மாக்டபர்க் அருகே எல்பே நதியை எட்டிவிட்டது. லைப்சிக் ஏப்ரல் 19 அன்று விழுந்தது. ஏப்ரல் 25 அன்று டோர்காவில் எல்பே கரையில் இரு படைகளும் கை குலுக்கிக்கொண்டன. அப்போது அமெரிக்க, பிரிட்டிஷ் படைகள் சோவியத்துக்கு ஒதுக்கிய மண்டலத்துக்குள் சில இடங்களில் 190 கிலோமீட்டர் ஆழம்வரை நின்றன. துரிங்கியா முழுவதும், சாக்சனியின் மேற்குப் பகுதி, மாக்டபர்க் வட்டாரம், மெக்லன்பர்க்கில் ஒரு பங்கு எல்லாம் அவர்கள் கையில். இந்த நிலப்பரப்பு கைக்கு வருமுன்பே அது தங்களுடையது அல்ல என்று தளபதிகளுக்குத் தெரியும். பெர்லினைப் பிடிக்க ஒரு லட்சம் பேரை இழக்க வேண்டிவரும், பிறகு வேறொருவரிடம் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டிய இடத்துக்கு அது அதிக விலை என்று அமெரிக்க ஜெனரல் பிராட்லி ஐசன்ஹோவரிடம் சொன்னது இந்த ஒப்பந்தத்தை மனதில் வைத்துத்தான்.

சர்ச்சிலுக்கு மனசு வரவில்லை. மே மாதத்திலும் ஜூன் தொடக்கத்திலும் ட்ரூமனுக்குத் தந்திகள் அனுப்பினார்: போலந்து, ஆஸ்திரியா, பெர்லின் பற்றிய பிரச்சினைகள் தீரும்வரை பின்வாங்க வேண்டாம், இந்த நிலத்தைப் பேரத்துக்கு வைத்துக்கொள்வோம். இரும்புத் திரை என்ற சொல்லை மே 12 தந்தியிலேயே பயன்படுத்தியிருந்தார். அவருடைய கவலை நியாயமானது. போலந்தில் நடந்துகொண்டிருந்ததைப் பார்த்தவர் எவரும் கவலைப்பட்டிருப்பார். ஆனால் அந்தக் கோட்டை முன்மொழிந்தது அவருடைய அரசாங்கமே என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ட்ரூமன் ஏற்கவில்லை. ஜூன் 11 அன்று அனுப்பிய பதிலில், மறைந்த அதிபர் உங்களோடு கலந்து பேசி ஒப்புக்கொண்டதை நான் மாற்ற முடியாது என்ற பொருளில் எழுதினார்.

ட்ரூமனின் நேர்மை மட்டும் இதற்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். ஜூன் 5 அன்று நான்கு தளபதிகளும் பெர்லினில் கூடியபோது சோவியத் தளபதி ஜுகோவ் தெளிவாகச் சொல்லிவிட்டார்: நீங்கள் உங்கள் மண்டலத்துக்குப் போகும்வரை ஜெர்மனியை நால்வரும் சேர்ந்து நிர்வகிக்க வேண்டிய கூட்டுக் கட்டுப்பாட்டு மன்றம் வேலை தொடங்காது. அதாவது மேற்குப் படைகள் பெர்லினுக்குள்ளும் நுழைய முடியாது. பெர்லினைப் பிடித்தது செம்படை தனியாக. வியன்னாவையும் ஏப்ரல் 13 அன்று அதே படைதான் பிடித்தது. லைப்சிக்கைத் தரமாட்டோம் என்றால், அதே தர்க்கப்படி பெர்லினையும் வியன்னாவையும் தரமாட்டோம் என்று ஸ்டாலின் சொல்லலாம். ஜப்பானோடு போர் இன்னும் முடியவில்லை. சோவியத் அதில் இறங்க வேண்டும் என்று அமெரிக்கத் தளபதிகள் விரும்பினார்கள். அமெரிக்கத் துருப்புகளில் பெரும்பகுதி பசிபிக்குக்கோ வீட்டுக்கோ போகக் காத்திருந்தது. பின்வாங்கலை ஜூன் 21 அன்று தொடங்கலாம் என்று முதலில் ட்ரூமன் சொன்னார். மாஸ்கோ வெற்றி அணிவகுப்புக்கு ஜுகோவ் வர வேண்டும், பெர்லினில் கண்ணிவெடிகளையும் அகற்ற வேண்டும் என்று ஸ்டாலின் ஜூலை 1-க்குத் தள்ளிவைக்கச் சொன்னார். அப்படியே நடந்தது. ஜூலையின் முதல் நாட்களிலேயே அமெரிக்கர்கள் துரிங்கியாவையும் சாக்சனியையும் விட்டு வெளியேறினார்கள். அதே நாட்களில் மேற்குப் படைகள் பெர்லினில் தங்கள் பகுதிகளுக்குள் நுழைந்தன. கூட்டிக் கழித்துப் பார்த்தால் இது ஒரு மாற்றம்: இந்தப் பக்கம் லைப்சிக், எர்ஃபுர்ட், வைமார், அந்தப் பக்கம் பெர்லினின் மேற்குப் பாதி. பெர்லினின் 20 வட்டாரங்களில் கடைசியில் அமெரிக்கருக்கு 6, பிரிட்டனுக்கு 4, பிரான்ஸுக்கு 2, சோவியத்துக்கு 8 என்று பங்கானது.

அமெரிக்கர்கள் வெறுங்கையோடு போகவில்லை. யேனாவில் இருந்த சைஸ் நிறுவனத்தின் விஞ்ஞானிகளையும் தொழில்நுட்ப வல்லுநர்களையும் வண்டியில் ஏற்றித் தங்கள் மண்டலத்துக்குக் கொண்டுபோனார்கள். நார்ட்ஹவுசன் அருகே சுரங்கத் தொழிற்சாலையில் இருந்த வி-2 ராக்கெட்டுகளின் பாகங்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். நிலத்தைப் பற்றிய ஒப்பந்தம் இருந்தது, நிலத்தில் இருந்த ஆட்களையும் இயந்திரங்களையும் பற்றி அந்த அளவுக்குத் தெளிவான எழுத்து இல்லை. பிற்பாடு சோவியத் தரப்பு தன் மண்டலத்திலிருந்து தொழிற்சாலைகளைக் கழற்றிக்கொண்டு போனபோது எழுந்த சச்சரவுகளுக்கும் இதே இடைவெளி ஒரு காரணம். இரண்டு தரப்புக்கும் நடுவே அகப்பட்டவர்கள் அந்த ஊர்களின் சாதாரண மக்கள். அவர்களில் கணிசமானவர்கள் ஹிட்லர் ஆட்சிக்கு உடந்தையாக இருந்தவர்கள்தான், அதை மறக்கவில்லை. அப்படியும், தங்கள் ஊர் கைமாறப்போகிறது என்பதை வதந்தியாக மட்டும் கேட்டுக்கொண்டு அவர்கள் காத்திருந்ததைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

எழுத்தில் விடுபட்டது என்ன செய்யும் என்பதற்குப் பெர்லினைவிடப் பெரிய உதாரணம் இல்லை. நகரம் சோவியத் மண்டலத்துக்கு நடுவே, மேற்கு எல்லையிலிருந்து 160 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருந்தது. அங்கே படை வைத்துக்கொள்ளும் உரிமை எழுதப்பட்டது. எந்தச் சாலை, எந்த ரயில் பாதை வழியாகப் போவது என்பது எழுதப்படவில்லை. லண்டன் ஆணையத்தில் இதைப் பேச வேண்டும் என்ற யோசனை எழுந்தது. இது இராணுவ விஷயம், தளபதிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று வாஷிங்டனின் போர்த்துறை தட்டிக் கழித்தது. வைனன்டும், இருக்கும் உரிமையிலேயே போகும் உரிமையும் அடங்கிவிடுகிறது, இதைக் கிளறி ரஷ்யர்களின் சந்தேகத்தைக் கூட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டார். 1945 ஜூன் 29 அன்று அமெரிக்க ஜெனரல் லூசியஸ் கிளேயும் பிரிட்டிஷ் ஜெனரல் வீக்ஸும் ஜுகோவைச் சந்தித்துப் பேசினார்கள். ஒரு நெடுஞ்சாலை, ஒரு ரயில் பாதை என்று வாய்மொழியாக முடிந்தது. பின்வாங்குவதற்கு முன் போக்குவரத்து உரிமையை நிபந்தனையாக வைத்து எழுதி வாங்காதது தவறு என்று கிளே பிற்பாடு எழுதினார். அதே ஆண்டு நவம்பர் 30 அன்று கட்டுப்பாட்டு மன்றம் விமானப் பாதைகளை மட்டும் எழுத்தில் ஒப்புக்கொண்டது. ஹாம்பர்க், ஹனோவர் பக்கம், பிராங்க்பர்ட் ஆகிய திசைகளில் மூன்று வான்வழிகள், ஒவ்வொன்றும் 20 மைல் அகலம். 1948 ஜூன் 24 அன்று ஸ்டாலின் பெர்லினை முற்றுகையிட்டபோது மூடியவை சாலை, ரயில், கால்வாய். வாய்மொழியாக இருந்தவை எல்லாம் மூடப்பட்டன. எழுதப்பட்ட வான்வழிகளில் சோவியத் விமானங்கள் தொந்தரவு கொடுத்தன, ஆனால் அவற்றை மூடவில்லை. முற்றுகை 1949 மே 12 அன்று நீங்கியது; அந்த ஆண்டு செப்டம்பர்வரை 20 லட்சம் டன்னுக்கு மேல் நிலக்கரியும் உணவும் பிற பொருட்களும் அந்த வழியில் போயின. வான்வழிகளை மூட ஒரே வழி விமானத்தைச் சுடுவது, அதற்கு ஸ்டாலின் தயாராக இல்லை என்று இதை வேறு மாதிரியும் விளக்கலாம். இரண்டு காரணங்களும் சேர்ந்திருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மண்டல ஒப்பந்தத்துக்கு வெளியே இருந்த இடங்களில் என்ன நடந்தது என்று பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். டென்மார்க்கை யார் விடுவிப்பது என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை. அதனால் மே 2 அன்று பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரியின் படைகள் பால்டிக் கரையை நோக்கி ஓடின. லூபெக்கைப் பிடித்தன. அதே நாளில் செம்படை வருவதற்குச் சில மணி நேரம் முன்பு விஸ்மாரையும் எட்டி, டென்மார்க்குக்குப் போகும் வழியை அடைத்தன. விஸ்மார் சோவியத் மண்டலத்தில் இருந்ததால் அதை ஜூலையில் மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த போர்ன்ஹோம் தீவில் செம்படை முதலில் இறங்கியது. 1946 ஏப்ரலில்தான் வெளியேறியது. ட்ரியெஸ்டே துறைமுகத்தில் டிட்டோவின் யூகோஸ்லாவியப் படை மே 1 அன்று நுழைந்தது, மறுநாள் நியூசிலாந்துப் படை வந்து சேர்ந்தது. ஒரே ஊரில் இரண்டு நேச நாட்டுப் படைகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு 40 நாள் இருந்தன. ஜூன் 9 அன்று பெல்கிரேடில் ஒரு கோடு ஒப்புக்கொள்ளப்பட்டு, யூகோஸ்லாவியர்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். அந்த வழக்கு 1954-இல் பாதி தீர்ந்து, 1975-இல்தான் முழுக்க முடிந்தது. ஜெர்மனியை நான்காகப் பங்கு போட்டதில் வராத துப்பாக்கி முறைப்பு ஒரு துறைமுகத்துக்காக வந்தது.

இதிலிருந்து கேள்வியின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். கொடுக்காமல் இருந்திருந்தால்? நடக்காததைப் பற்றிய பதில் என்பதால் இங்கே உறுதி என்று எதுவும் இல்லை. அமெரிக்கர்கள் எல்பேயிலேயே நின்றிருந்தால், ஜெர்மனியின் பிரிவினை நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கோடு கிழக்கே நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். லைப்சிக்கும் எர்ஃபுர்ட்டும் மேற்கில் இருந்திருக்கும். பெர்லின் முழுவதும் கிழக்கில் இருந்திருக்கும். ஆஸ்திரியாவின் கதி அதைவிட முக்கியம். வியன்னாவை நான்காகப் பங்கிட்டு, நாட்டை ஒரே அரசாங்கத்தின் கீழ் வைத்திருக்க முடிந்ததால்தான் 1955-இல் எல்லாப் படைகளும் வெளியேறி ஆஸ்திரியா முழுசாக எழுந்தது. 1945 ஜூலை 9 அன்று கையெழுத்தான அந்த மண்டல ஒப்பந்தம், லைப்சிக்கைத் தர மறுத்த சூழலில் சாத்தியமாகியிருக்குமா என்பது பெரிய சந்தேகம். இதற்கு எதிராக ஒரு வலுவான வாதமும் இருக்கிறது. போலந்து விஷயத்தில் ஸ்டாலின் மண்டல ஒப்பந்தத்தை மதிக்கவில்லை. தன் மண்டலத்தின் கிழக்குப் பகுதியை, ஓடர், நைசே நதிகள்வரை, யாரையும் கேட்காமல் போலந்து நிர்வாகத்திடம் ஒப்படைத்தார். போட்ஸ்டாம் மாநாட்டில் ட்ரூமன், போலந்துக்கு ஐந்தாவதாக ஒரு மண்டலம் கொடுத்துவிட்டீர்கள் என்று ஆட்சேபித்தார், ஆனால் கடைசியில் இறுதி எல்லையைச் சமாதான மாநாட்டுக்குத் தள்ளிவைத்து விட்டுவிட்டார்கள். அவர் ஒப்பந்தத்தை மீறும்போது நாம் மட்டும் ஏன் காக்க வேண்டும் என்று சர்ச்சில் பக்கம் நின்று கேட்பவர்களுக்கு இது நல்ல ஆதாரம். என் கணிப்பில், மேற்கு எல்லைக் கோட்டை ஸ்டாலின் மீறவில்லை, அதைத்தான் மேற்கு நாடுகளும் பதிலுக்குக் காத்தன. ஆனால் இதை மறுப்பவர்களின் கட்டுரைகளையும் நான் வகுப்பில் படிக்கக் கொடுக்கிறேன்.

ரூஸ்வெல்ட் ஏமாந்தாரா என்பதற்கு ஒரு ஒப்பீடு போதும். 1945 ஆகஸ்ட் 16 அன்று ஸ்டாலின் ட்ரூமனுக்கு எழுதி, ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் குஷிரோ முதல் ருமோய் வரை ஒரு கோடு போட்டு வடபாதியைக் கேட்டார். அதற்கு எந்த முன் ஒப்பந்தமும் இல்லை, அங்கே ஒரு சோவியத் சிப்பாயும் இல்லை. ஆகஸ்ட் 18 அன்று ட்ரூமன் மறுத்தார், ஸ்டாலின் தன் படையை நிறுத்தினார். ஆனால் அதே நாட்களில் கொரியாவில் 38-வது அட்சரேகையில் நிற்கலாம் என்று அமெரிக்கா அவசரமாக முன்வைத்த யோசனையை, அந்தத் தீபகற்பம் முழுவதையும் எட்டக்கூடிய நிலையில் இருந்த செம்படை ஏற்றுக்கொண்டு அங்கேயே நின்றது. லைப்சிக்கில் அமெரிக்கர்கள் செய்ததும் இதேதான்.